பாவும் திரையும்: சிரானோ நாடகத்தின் தழுவல்களும் கொச்சிச் சவிட்டு நாடகமும்

பிரெஞ்சு இலக்கியப் பொருள் ஒன்று தமிழ்ப் பாவடிவம் பெற்று மேடையேறிய வரலாற்றைத் தேடுவோர் புதுச்சேரியை நோக்குவதே இயல்பு. ஆயினும் அவ்வரலாற்றின் தொன்மையான சான்று கிடைப்பது கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில்தான். மட்டாஞ்சேரி, கோட்டைக்கொச்சி வட்டாரத்திலும் வடக்கே கோதுருத்திலும் வாழும் இலத்தீன் கத்தோலிக்க மக்களிடையே வழங்கிவரும் சவிட்டு நாடகத்தின் தலையாய பனுவல் ‘காறல்மான் சரிதம்’ ஆகும். பிரெஞ்சு வேந்தன் சார்லமேனும் அவன் மறவர் பன்னிருவரும் அதன் பாத்திரங்கள். சின்னத்தம்பி அண்ணாவி என்பார் இதனை இயற்றினார் என்பது மரபுவழிச் செய்தி. அதன் மொழியோ மலையாளமும் வடசொல்லும் விரவிய பழந்தமிழ். மலையாளம் பேசும் மக்கள் தம் வீட்டு மொழியாக அல்லாத தமிழில் பிரெஞ்சு வேந்தனின் கதையைப் பாடி ஆடிவந்துள்ளனர்.

இது வியப்புக்குரியதாயினும் காரணமற்றதன்று. ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் தமிழ் நூல் 1579இல் அச்சேறியது கொச்சியில்தான். போர்ச்சுக்கீசியரும் தமிழும் எதிர்ப்பட்ட துறைமுகம் அது. கதைத்தலைவருள் ஒருவனின் பெயரே பனுவல் வந்த வழியைக் காட்டிக்கொடுக்கிறது. பிரெஞ்சில் ரொலான், இத்தாலியத்தில் ஒர்லாந்தோ என வழங்கும் மறவன் கொச்சிச் சுவடிகளில் ரோல்தான் ஆகிறான். லகரமும் தகரமும் அடுத்து நிற்கும் இவ்வடிவம் ஐபீரிய மொழிகளுக்கே உரியது. ஆகவே கொச்சிக்கு வந்த கதை பிரெஞ்சிலிருந்து நேரே வந்ததன்று; ஐபீரிய நாட்டு வழக்கின் ஊடாக வந்த பெயர்ப்பின் பெயர்ப்பு என்பது தெளிவு. இந்நாடக மரபைப் பற்றி 1964இல் மலையாளத்தில் விரிவான நூல் எழுதிய சபீனா ராஃபி கோதுருத்தைச் சேர்ந்தவர். தமிழ்ப் புலமையுலகம் இம்மரபிற்கு இன்னும் அத்தகைய கடனைச் செலுத்தவில்லை.

மொழிபெயர்ப்பாளர் இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பார்வையாளருக்கு முழுதும் விளங்காத மொழியில் அமைந்த பா, அரங்கில் எவ்வாறு உயிரோடு இருந்தது? சவிட்டு என்பதன் பொருள் காலால் ஓங்கி மிதித்தல். பலகை பரப்பிய உயர்ந்த மேடையில் நடிகன் தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய அடவினை மிதிக்கிறான். பாட்டின் சீர் பலகையின்மேல் ஒலியாகிறது. பொருள் எட்டாத இடத்திலும் யாப்பு எட்டுகிறது. பொருளை எட்டச் செய்யக் கட்டியங்காரன் இருக்கிறான். கேலி பேசியும் கதை சொல்லியும் பார்வையாளருக்கு இடையில் நின்று அவன் விளக்குகிறான். பாவைச் சிதைக்காமல் விட்டுவிட்டு, அதன் அருகில் ஒரு விளக்கக் குரலை வைத்தல் என்னும் இந்த ஏற்பாடு பிற்காலத் திரைப்படம் கண்டுபிடித்த ஒன்றிற்கு மிக நெருங்கியது. பிரெஞ்சு மொழியின் புகழ்பெற்ற பாநாடகம் ஒன்று ஆங்கிலத் திரைக்கும் தமிழ்த் திரைக்கும் வந்த கதையை இந்தக் கொச்சி அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

பா செய்யும் தொழில்

எட்மோன் ரொஸ்தான் இயற்றிய ‘சிரானோ த பெர்ஷராக்’ 1897 டிசம்பரில் பாரிசு நகரில் அரங்கேறியது. ஐந்து அங்கங்களும் பன்னிரண்டு அசை கொண்ட, அடியிறுதியில் ஒலி இயையும் அலெக்சாந்திரின் அடிகளால் ஆனவை. பெருமூக்கன் சிரானோ கவிஞன், வாள்வீரன். தன் உறவினள் ரொக்சானைக் காதலித்தும் தன் தோற்றத்திற்கு நாணி அதனை மறைக்கிறான். அழகனும் சொல்வன்மை இல்லாதவனுமான கிறிஸ்தியனுக்காகக் காதல் மடல்களை எழுதித் தருகிறான். அவள் மாடத்தில் நிற்க, இருளில் மறைந்து கிறிஸ்தியனின் குரலாகத் தானே பேசுகிறான்.

இந்நாடகத்தில் பாவை அணிகலன் என்று கருதுவோர் கதையையே இழப்பர். கதைத்தலைவனின் காதலுக்கு உரிய ஒரே உடைமை அவன் மொழி. அம்மொழி பிறர் மொழியினும் உயர்ந்தது என்பதைப் பார்வையாளர் பிறர் சொல்லிக் கேட்கக்கூடாது. தம் காதால் கேட்டாக வேண்டும். முதல் அங்கத்து வாட்போரில் சிரானோ பல்லாது என்னும் பாவகையில் ஒரு செய்யுளை அங்கேயே இயற்றிக்கொண்டு பொருதுகிறான். முடிப்புக் கண்ணியின் இறுதியில் வாள் படும் என்று முன்கூட்டியே அறிவித்தும் விடுகிறான். எப்போது குத்து விழும் என்பதை யாப்பே முடிவு செய்கிறது. யாப்பை நீக்கினால் எஞ்சுவது ஒரு சாதாரண வாட்சண்டை.

ரொஸ்தான் ஓர் அடியைப் பல பாத்திரங்களுக்குப் பிளந்து தருவதில் வல்லவர். ஒருவர் தொடங்கிய அடியை மற்றவர் முடிக்க, அடியிறுதியில் இயைபு வந்து விழும்போது விடையின் கூர்மை காதுக்குத் தெரிகிறது. தமிழில் பெயர்ப்போர் இங்குத் தடுமாற நேரும். தமிழ்ச் செய்யுளின் முதன்மைத் தொடை எதுகை. அது அடியின் தொடக்கத்தில் நிற்பது. பிரெஞ்சில் ஒலிப்பொருத்தம் பேச்சின் முடிவில் வந்து வியப்பூட்டும். தமிழிலோ பேச்சின் வாயிலிலேயே வந்து அறிவித்துவிடும். நகைச்சுவை விடைக்கு முன்னது ஏற்றது, பின்னது அத்துணை ஏற்றதன்று. 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ அகவலைத் தேர்ந்ததால் நாடகப் பேச்சிற்கு வேண்டிய ஓட்டம் அதற்குக் கிட்டியது. ரொஸ்தானின் வெடிப்பு அகவலில் கிட்டாது. இயைபுத் தொடை தமிழ் இலக்கணத்தில் உண்டெனினும் செய்யுள் மரபு அதனைப் பெரிதாகப் பேணவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இயைபு குடியேறிய வீடு திரைப்பாடல். இவ்வுண்மை பின்னர்ப் பயன்படும்.

ஆங்கிலத் திரையில்

1950இல் மைக்கேல் கார்டன் இயக்கத்தில் ஹோசே ஃபெரர் நடித்த ஆங்கிலப் படம், பிரையன் ஹூக்கர் 1923இல் செய்த செய்யுள் மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டது. ஹூக்கர் அலெக்சாந்திரினை விடுத்து, இயைபில்லா ஐஞ்சீர் அடியைக் கைக்கொண்டார். ஆங்கிலக் காதுக்கு இவ்வடி ஷேக்ஸ்பியரின் அடி. எனவே பிரெஞ்சில் துள்ளும் சிரானோ, ஆங்கிலத்தில் பெருமிதம் உடையவனாக, ஓரளவு துயரச்சுவைத் தலைவனாகவே ஒலிக்கிறான். ஒரு யாப்பு தன்னோடு தன் மொழியின் நினைவுகளையும் இழுத்து வரும். ஹூக்கரின் தேர்வு பிழையென்று கூறுவதற்கில்லை. ஆனால் படம் வென்றது ஃபெரரின் குரலால். சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது பொருத்தமே. அவரைச் சூழ்ந்த அரங்க அமைப்பும் படப்பிடிப்பும் எளிமையானவை. அவற்றைப் பற்றிக் கூற அதிகமில்லை.

நாடகத்தின் இறுதிச் சொல்லாகிய ‘பனாஷ்’ மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு தேர்வுக்கூடம். தலைக்கவசத்தின் உச்சியில் செருகும் இறகுக்கொத்து என்பது அதன் நேர்ப்பொருள். அழிவு உறுதியென்று அறிந்தும் தலைநிமிர்ந்து நிற்கும் மிடுக்கு என்பது நாடகம் அதற்கு ஏற்றிய பொருள். ஹூக்கர் அதனை வெண்ணிற இறகு என்று ஆக்கினார். பொருட்படிவம் நின்றது, பண்பு மங்கியது. 1970ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் ஆந்தனி பர்ஜெஸ் அச்சொல்லையே வைத்துக்கொண்டார். இந்நாடகத்தின் செல்வாக்கால் அச்சொல் அதற்குள் ஆங்கிலச் சொல்லாகவே ஆகிவிட்டிருந்தது.

தமிழில் ‘மிடுக்கு’, ‘வீறு’ என்பவை பண்பை மட்டும் தரும். ‘வாகை’ சூடும் பொருளாகவும் பண்பாகவும் நிற்கும். எனினும் சிரானோ வென்றவன் அல்லன். பொருந்துவது தும்பை. அது வெண்ணிறப் பூ, தலையில் சூடுவது. தொல்காப்பியப் புறத்திணை மரபில் மண்ணுக்காகவோ ஆநிரைக்காகவோ அன்றித் தன் வலிமையையே பொருளாகக் கொண்டு பொருவோர்க்கு உரியது. ஒரு பிரெஞ்சுச் சொல்லின் இரு பொருள்களையும் அதன் நிறத்தையும் சேர்த்துத் தாங்கும் தமிழ்ச்சொல் இவ்வளவு அருகில் இருப்பது அரிது. தும்பைப்பூ என்றதும் வெளுத்த வேட்டியை மட்டும் நினைக்கும் இற்றைப் பார்வையாளர்க்கு அது எட்டுமா என்பது வேறு வினா. நாடகத்தின் முற்பகுதியிலேயே ஒருமுறை அச்சொல்லைப் போர்ச்சூழலில் வைத்துப் பழக்கிவிட்டால் எட்டும்.

1987இல் வெளிவந்த ‘ராக்ஸேன்’ செய்யுளை முற்றிலும் கைவிட்டது. ஃபிரெட் ஷெப்பிசி இயக்கிய இப்படத்தில் திரைக்கதையும் எழுதி நடித்த ஸ்டீவ் மார்ட்டின் ஒரு சிற்றூரின் தீயணைப்புத் தலைவர். நாயகி வானியல் ஆய்வாளர். உரைநடையில் பேசும் இன்பியல் படம் இது, முடிவும் மங்கலம். பா தொலைந்தது என்று வருந்துவதற்கு முன் ஒரு காட்சியை நுணுகி நோக்க வேண்டும். மூக்கை இகழ்ந்தவனிடம், இதைவிடச் சிறந்த இருபது இகழ்ச்சிகளைத் தான் சொல்ல முடியும் என்கிறார் தலைவர்; மதுக்கடையில் உள்ளோர் எண்ணத் தொடங்குகின்றனர். மூலத்தில் அடிகளின் அடுக்கு தந்த எதிர்பார்ப்பை இங்கு எண்ணிக்கை தருகிறது. அளவொன்று முன்னரே அறிவிக்கப்பட்டு, அது நிரம்புமா என்று கேட்போர் காத்திருக்கும் நிலையே யாப்பின் அடிப்படை. அதனை மார்ட்டின் உரைநடைக்குள் கடத்திவிட்டார். மாடக் காட்சியில் அத்தகைய கருவி கிடைக்கவில்லை. காதுமூடித் தொப்பிக்குள் ஒலிவாங்கி வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வேடிக்கை சிரிப்பூட்டுகிறது; தலைவர் தாமே பேசத் தொடங்கியதும் அவர் பேச்சு இனிமையாக உள்ளதேயன்றி, காதலியின் உள்ளத்தை மாற்றும் ஆற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது என்பது விளங்கவில்லை.

இவ்விரண்டிற்கும் மாறான வழியை 1990இல் ழான்-போல் ரப்னோ இயக்கிய பிரெஞ்சுப் படம் காட்டியது. ஆங்கில நாடுகளில் அது பரவியது பர்ஜெசின் ஆங்கிலத் துணைத்தலைப்புகளோடு. அதனால் அதனையும் ஓர் ஆங்கிலத் தழுவலாகக் கொள்ள இடமுண்டு. இயக்குநரும் ழான்-கிளோது கரியேரும் மூலத்தைச் சுருக்கினர், பாவடிவை மாற்றவில்லை. ழெரார் தெபார்தியே அலெக்சாந்திரினை ஓடிக்கொண்டும் உண்டுகொண்டும் பேசுகிறார், யாப்பு மூச்சாகிவிடுகிறது. பர்ஜெஸ் துணைத்தலைப்புகளைச் செய்யுளாகவே அமைத்தார். காதில் பிரெஞ்சு இயைபு விழும் அதே நொடியில் கண்ணில் ஆங்கில இயைபு படுகிறது. கொச்சி மேடையில் பழந்தமிழ்ப் பாட்டுக்கு அருகில் கட்டியங்காரன் நின்ற இடம் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு: கட்டியங்காரன் பாட்டோடு போட்டியிடுவதில்லை, பர்ஜெஸ் போட்டியிடுகிறார். திரையின் அடிப்பகுதியில் ஓடும் இயைபுகள் சில இடங்களில் நடிகரின் முகத்திலிருந்து கண்ணைப் பறித்துவிடுகின்றன. புலமை மிக்க துணைத்தலைப்பு தன்னை மறைத்துக்கொள்ளக் கற்க வேண்டும்.

தமிழ்த் திரையில்

கே. பாலசந்தர் இயக்கிய ‘டூயட்’ (1994) சிரானோ நாடகத்தின் சாயலுடையது என்பது பலரும் சுட்டியதே. மூக்கின் இடத்தில் பருத்த உடல். வாளின் இடத்தில் சாக்சபோன். பிரபு நடித்த குணா, ரமேஷ் அரவிந்த் நடித்த தம்பி சிவா, மீனாட்சி சேஷாத்ரி நடித்த அஞ்சலி என்னும் மூவரிடையே, ஒருவனின் கலை மற்றவனுக்கு உரியதாக எண்ணப்படும் சிக்கல் எழுகிறது. வணிகப் படத்திற்குரிய கொலைகாரக் காதலனும் நகைச்சுவைக் கிளையும் கதையை வேறு திசைக்கு இழுத்துச் செல்வது உண்மையே. அவற்றை ஒதுக்கி, பா எங்குச் சென்றது என்று வினவினால் விடை எதிர்பாராதது.

தமிழ்த் திரையில் பாட்டுக்குப் பின்னணிக் குரல் வழங்கும் முறை 1940களில் நிலைபெற்றது. ஒருவர் வாயசைக்க மற்றொருவர் பாடுவதைத் தமிழ்ப் பார்வையாளர் குறையாகக் கருதுவதில்லை. ஒருவரின் சொல்லையும் குரலையும் மற்றொருவரின் உடல் ஏற்றல் என்பது ரொஸ்தானுக்குக் கதையின் உயிர்நிலை. தமிழ்ப் படத்திற்கோ அது நாள்தோறும் வழங்கும் இலக்கணம். ஆகவே மாடக் காட்சியை அப்படியே தமிழ்ப் படத்தில் வைத்தால் அதன் கூர் மழுங்கும். எந்தக் கதைத்தலைவனின் பாட்டுக் குரலும் அவனுடையது அன்று எனும்போது, குரலைக் கொண்டு காதலனை இனங்காணுதல் எவ்வாறு?

பாலசந்தர் இச்சிக்கலை உணர்ந்தே செய்தாரா என்பதை ஆராய வேண்டியதில்லை. படம் அதனைத் தீர்த்திருக்கிறது. ஆளை அடையாளம் காட்டும் பொறுப்பு குரலிலிருந்து கருவிக்கு மாறுகிறது. ஏ.ஆர். ரகுமான் இசையில் கத்ரி கோபால்நாத் வாசித்த சாக்சபோன் மூச்சால் இயங்கும் கருவி, சொல்லற்ற குரல். அதனோடு மற்றொன்றும் நிகழ்கிறது. குணாவின் பாடல்கள் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலில் ஒலிக்க, வைரமுத்து எழுதிய கவிதைகளைப் பிரபு தம் குரலிலேயே சொல்கிறார். பாடும்போது இரவல் குரல், கவிதை சொல்லும்போது சொந்தக் குரல். ரொஸ்தானின் தலைவன் உரையாடல் முழுவதும் பாவில் பேசுவதால் பெறும் தனித்தன்மையை, இத்தலைவன் அச்சிறு பகுதிகளில் மட்டும் பெறுகிறான். பார்வையாளர் அவனை நம்புவது பாடல்களால் அன்று. பயிற்சியற்ற அந்தப் பேச்சுக் குரலால் எனலாம். கொச்சி மேடையில் தன் பாட்டைத் தானே பாடி மிதிக்கும் நடிகனுக்குத் தமிழ்த் திரை மிக அருகில் வந்த இடங்களுள் இது ஒன்று.

இயைபு திரைப்பாடலில் குடியேறியது என மேலே கூறியது இங்குப் பொருந்துகிறது. பாவைப் பாட்டுக்குள் தள்ளியது வணிகத்துக்குச் செய்த சலுகை என்று மட்டும் கொள்வது முறையாகாது. பிரெஞ்சு யாப்பின் இன்றியமையாத ஒலியுறுப்பு தற்காலத் தமிழில் வாழும் இடமே பாட்டுதான். ஜோ ரைட் இயக்கி 2021இல் வெளிவந்த ஆங்கிலப் படமான ‘சிரானோ’வும் இவ்வழியையே தேர்ந்தது. எரிகா ஷ்மிட்டின் இசைநாடகத்தை அடியொற்றிய அதில் உரையாடல் உரைநடை; மடல்களும் ஏக்கங்களும் பாட்டு. மூக்கும் இல்லை, பீட்டர் டிங்க்ளேஜின் குறுகிய உருவமே தடை. உடற்குறையை நடிகரின் மெய்யான உடலுக்கு மாற்றியதும், பாவைப் பாட்டுக்கு மாற்றியதும் ‘டூயட்’ 27 ஆண்டுகளுக்கு முன் செய்தவை. டிங்க்ளேஜ் தாமே பாடுகிறார், பயிலாத குரல்தான். அக்கரகரப்பு அப்படத்தின் பெரும்பேறு.

இரு முன்னிலைகள்

ஆங்கிலம் எவ்வளவு முயன்றும் எட்ட இயலாத ஒன்று இந்நாடகத்தில் உண்டு. தமிழ் அதனை எளிதில் எட்டும். பிரெஞ்சில் முன்னிலைப் பெயர் இரண்டு. மதிப்பிற்குரியது ‘வூ’, நெருக்கத்திற்குரியது ‘தூ’. ரொஸ்தானின் மாந்தர் பெரும்பாலும் முன்னதையே ஆள்கின்றனர். மாடக் காட்சியில் இருளில் நின்று பேசும் சிரானோ தன்னை மறந்து, ஓர் அடியில் ‘வூ’ என்றும் அடுத்த அடியின் தொடக்கத்திலேயே ‘தூ’ என்றும் காதலைச் சொல்லிவிடுகிறான். ரொக்சானும் அக்குரலை நோக்கி ‘தூ’ என்றே விடையளிக்கிறாள். ஹூக்கர், பர்ஜெஸ், மார்ட்டின் ஆகிய மூவர்க்கும் கையிலிருந்தது ஒரே முன்னிலைச் சொல்.

தமிழில் ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகும் நொடியை எந்தப் பார்வையாளரும் தவறவிடார். தமிழ்த் திரை இம்மாற்றத்தை வேறு வகையில் முன்பே வழக்காக்கியுள்ளது. உரையாடலில் ‘நீங்க’ என்னும் தலைவி, பாட்டு தொடங்கியதும் ‘நீ’ என்கிறாள். அதனை எவரும் மரியாதைக் குறைவாகக் கருதுவதில்லை. உரைநடையிலிருந்து பாட்டுக்குச் செல்வதே இங்கு ‘வூ’விலிருந்து ‘தூ’வுக்குச் செல்வதாக அமைகிறது. இவ்வழக்கு மொழிபெயர்ப்பாளர்க்கு உதவியும் ஆகும், இடையூறும் ஆகும். பாட்டில் ‘நீ’ இயல்பாகிவிட்டதால், அது தவறி வந்த சொல்லாக அங்கு ஒலிக்காது. மாடக் காட்சியைத் தமிழில் அமைப்போர் அதனைப் பாட்டாக்காமல், செய்யுட் பேச்சாக நிறுத்தி, அதன் நடுவில் ‘நீ’யை விழச் செய்தால் மட்டுமே அது காதில் படும்.

அதன் பயன் ஐந்தாம் அங்கத்தில் தெரியும். பதினைந்து ஆண்டுகள் கழிந்து, கன்னிமாடத் தோட்டத்தில் மாலை மங்குகிறது. கிறிஸ்தியனின் இறுதி மடலைப் படிப்பதாகச் சிரானோ வாசிக்கிறான். எழுத்துத் தெரியாத அளவுக்கு இருண்டபின்னும் வாசிப்பு நிற்கவில்லை. அன்று இருளில் பேசிய குரல் எவருடையது என்பதை ரொக்சான் அப்போது அறிகிறாள். காதலைச் சொல்கிறாள், உயிரோடிருக்க வேண்டுகிறாள். அவ்வளவும் ‘வூ’வில். அக்குரலுக்கு அன்று இருளில் கொடுத்த ‘தூ’வை, அதன் உரியவனுக்கு அவள் ஒருமுறையும் கொடுக்கவில்லை. தமிழில் பெயர்ப்போர் அவ்விடத்தில் ‘நீ’ என்று எழுதக் கை நீளும். திரைப்பாடலில் ஊறிய காதும் அதனையே கேட்கும். மூலம் அங்கு வைத்திருப்பது ‘நீங்கள்’.